தேடும் தூரம்

"ஊர்ல இருக்கற ஆளையெல்லாம் தேடிப் பிடிக்கிறியே, நான் காணாமப் போனா கண்டுபிடிப்பியா?"

"கம்ப்யூட்டர்ல உங்க தொழிலைத் தட்டினாலே போதும். நீங்க ஒருத்தர்தான் வந்து நிப்பீங்க."

"அப்ப உன்கிட்டேயிருந்து தப்பிக்கவே முடியாதுன்னு சொல்லு!"

கணவன் அப்படிச் சீண்டிச் சிரித்த மறுவாரம்தான், அணையின் மதகுக் கதவை வெல்டிங் செய்யத் தண்ணீருக்குள் இறங்கினான். மேலே வரவில்லை. உடலும் கிடைக்கவில்லை. ஓராண்டாகியும் அவள் மனம் அதை ஒப்புக்கொள்ள மறுத்தது. அவனிடம் சொல்ல வேண்டிய ஒன்று மட்டும் தொண்டையிலேயே நின்றுவிட்டது.

நிறுவனங்களுக்கு ஆள் தேடித் தருவது அவள் வேலை. இன்றைக்கென்று பார்த்து, தண்ணீருக்கடியில் வேலை செய்யும் வெல்டர் ஒருவர் தேவை என்று கோரிக்கை வந்திருந்தது.

"நீங்க இதைத் தொட வேணாம்க்கா, நான் பாத்துக்கறேன்" என்றாள் பக்கத்து இருக்கைக்காரி, பையை மாட்டியபடி.

"பரவால்ல. நீ மழைக்கு முன்னாடி கிளம்பு."

கதவு மூடியது. சன்னலில் மழை அறைந்தது. அவள் அந்தத் தொழிலைத் தேடுபெட்டியில் தட்டினாள். எதிர்பார்த்தபடியே அவனுடைய பழைய விவரப் பக்கம் முதலில் வந்தது. பார்க்கத் தெம்பில்லை. அவன் பெயருக்கு முன்னால் கழித்தல் குறி போட்டுத் தேடினாள். அப்படிப் போட்டால் அந்தப் பெயருள்ள எதுவும் வராது.

ஒரே ஒரு பக்கம் வந்தது. படம் இல்லை. பெயர் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. தொழில் அதே. அனுபவம் அதே. கடைசியாக வேலை செய்த இடம், அந்த அணை. "இப்போதும் அங்கேயே" என்றிருந்தது.

யாரோ விளையாடுகிறார்கள். வேண்டாத பக்கம் ஒட்டிக்கொண்டால், அலுவலகத்திலிருந்து இத்தனை கிலோமீட்டருக்குள் என்று தேடும் தூரத்தைக் குறைப்பாள். வெளியூர்க்காரர்கள் தானாக உதிர்ந்துவிடுவார்கள். அணை எங்கோ மலைக்கு அப்பால். ஐம்பது கிலோமீட்டர் என்று குறைத்தாள்.

பக்கம் போகவில்லை. ஊர் மட்டும் மாறியிருந்தது.

பத்து என்று போட்டாள். ஆற்றுப்பாலம் என்று காட்டியது. ஏசிக் காற்றில் சேற்று வாடை, பாசி பிடித்த தொட்டியைத் திறந்தாற்போல, மெல்லப் பரவியது.

ஒன்று. இந்தத் தெருவின் பெயர்.

அப்போதுதான் உறைத்தது. அவள் குறைக்கக் குறைக்க அது விலகவில்லை. நெருங்கி வருகிறது. ஒவ்வொரு தடவையும் அவளேதான் இழுத்திருக்கிறாள்.

தூரத்தைக் கூட்டப் பார்த்தாள். எண் நகரவில்லை. தானாகவே இறங்கியது.

பூஜ்யம்.

லிஃப்ட் திறந்தது.

சொத். சொத். ஈரக் காலடிகள். தரைவிரிப்பில் தண்ணீர் பிழியும் ஓசை.

நாற்காலிக்குப் பின்னால் நின்றது.

மூச்சு இல்லை. சொட்டும் நீர் மட்டும். அவள் தோளில். சில்லென்று.

திரும்பவில்லை. கண்ணாடிச் சன்னலில் மங்கலாக ஓர் உருவம். முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெளிறி ஊதிய ஏதோ ஒன்று.

விசைப்பலகைமேல் ஒரு கை வந்து படிந்தது. தோல் பாதி உரிந்த விரல். அதில் அவள் அவனுக்குப் போட்ட மோதிரம்.

அலறல்தான் வரும் என்று நினைத்தாள். ஓராண்டாகத் தொண்டையில் நின்றதுதான் வந்தது.

"வீட்டுக்கு வந்துடுங்க."