பட்டினி போட்ட நத்தைகள்

சட்டியின் மூடி இருந்தபடியே இருந்தது. பாரத்துக்கு அதன்மேல் வைத்த பழைய இஸ்திரிப்பெட்டியும் அசையவில்லை. உள்ளே இரண்டு கிலோ நத்தைகளில் ஒன்றுகூட இல்லை.

இது வீட்டு எசமானி சிஞ்ஞோராவின் வேலைதான் என்று வேலைக்காரி செலஸ்ரீனா நினைத்தாள்.

காவல் புனிதை சாந்தா றொசாலியாவின் பெருநாளுக்கு இத்தாலியின் பலெர்மோவில் நத்தை தின்னாத வீடில்லை. மூன்று நாள் பட்டினி போட்டுக் குடலைச் சுத்தமாக்கி, உள்ளி போட்டு வதக்குவார்கள். சிஞ்ஞோராவும் மூன்று நாளாகப் பட்டினிதான், இருபது வருடத்துக்கு முந்திய பட்டுச் சட்டைக்குள் நுழைவதற்காக. தன்னைப் பரோனெஸ்ஸா, அதாவது பிரபுகுலச் சீமாட்டி, என்று அழைக்கச் சொல்வார். செலஸ்ரீனா ஒருநாளும் அழைத்ததில்லை. கூடத்தில் படமாகத் தொங்கும் பாட்டனாரைப் பழைய சாமான் சந்தையிலிருந்து மாடியேற்றியவள் அவள்தானே.

நாளைக் காலை எட்டு மணிக்கு குவெஸ்தூரா பொலிஸ் கந்தோரில் அவளுடைய வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கான வேலைக் கடிதத்தில் இன்னும் சிஞ்ஞோராவின் கையெழுத்தில்லை. புனிதையின் எலும்புகளைச் சுமந்த வெள்ளிப்பேழை பால்கனியைத் தாண்டிய பிறகுதான் போடுவாராம். போன மாதம் அவள் களவெடுத்ததாகச் சொன்ன கரண்டி சிஞ்ஞோராவின் கைப்பையிலேயே கிடைத்தது, மன்னிப்புத்தான் கிடைக்கவில்லை.

மொண்டெல்லோ உணவகத்தில் கோப்பை கழுவும் கணவன் பவுலுக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"இஞ்சருங்கோ, நத்தையளைக் காணேல்லை."

"பெருநாளல்லோ. அதுகளும் ஊர்வலம் பாக்கப் போயிருக்கும்."

"பகிடி விடாதேங்கோ. மனிசிதான் ஒளிச்சு வைச்சிருக்கு. கள்ளியெண்டு சொல்லி என்னைக் கலைக்கப்போகுது."

"ஒண்டும் கதையாதையும். கையெழுத்தை வாங்கிக்கொண்டு வாரும்."

வீட்டில் பவுடர் வாசனை, அதற்கடியில் மழை நனைத்த மண்ணின் வாடை. மழை பெய்து இரண்டு மாதம். விருந்தினருக்காகக் கோவிலில் இரவல் வாங்கிய பன்னிரண்டு நாற்காலிகளும் காலி, பன்னிரண்டு கனவான்களுக்கும் ஒரே நாளில் தலைவலி. தெருவில் மேளம் நெருங்க, யன்னல் பலகைகளின் இடுக்கால் விழுந்த மாலை வெயிலில் தரை மினுங்கியது. மெல்லிய வெள்ளிக் கோடுகள். நூற்றுக்கணக்கில். எல்லாம் சிஞ்ஞோராவின் அறைக் கதவுக்கடியால் உள்ளே போயிருந்தன.

திரும்பி வந்த கோடு ஒன்றுமில்லை.

உள்ளே சிஞ்ஞோரா அவளைக் கூப்பிடும் மணி அடித்தது. 

"வாறன்." பயத்தில் தமிழ்தான் வந்தது.

பால்கனி நாற்காலியில் சிஞ்ஞோரா முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். சட்டை இறுக்கமாக நிறைந்திருந்தது. கீழே வெள்ளிப்பேழை போய்க்கொண்டிருந்தது. கையுறை அணிந்த கை எழுந்து அசைய, கூட்டத்தில் யாரோ தொப்பியைக் கழற்றி வணங்கினார். கையுறைக்குள் ஒவ்வொரு விரலும் ஒவ்வொரு பக்கம் ஊர்ந்தது.

மடியில் கடிதம். கையெழுத்து இருந்தது. பட்டம் உட்பட, முழுதாக. மையில்லை. வெள்ளி. ஈரம்.

கை அதை எடுத்து நீட்டியது.

நாளை எட்டு மணி. செலஸ்ரீனா வாங்கிக்கொண்டாள்.

"கிராட்ஸியே, பரோனெஸ்ஸா," என்று நன்றி சொன்னாள்.

முகம் மெதுவாகத் திரும்பியது. பவுடர் பூசிய உதடுகள் சற்றே பிரிந்தன. நடுவில் இரண்டு மெல்லிய கொம்புகள் நீண்டன. அவளிருந்த திசையில் காற்றைத் தடவின. உள்ளே சுருங்கின.

மறுபடி நீண்டன.