தெளிவெண்

வேலுச்சாமி தன் வீட்டை இடிக்க மூன்று முறை சம்மதித்திருந்தார். மூன்று முறையும் அவர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"நா எதுக்கும் தட்டலைங்க கண்ணு," என்று பூங்கோதையிடம் சொன்னார். மேசைமேல் இருந்த அவருடைய வலது கை நடுங்கிக்கொண்டிருந்தது. மணிக்கட்டு வளை அவ்வப்போது பச்சையாக மின்னியது. "கை தானா ஆடுதுங்க. டம்ளரு மேசைல படுது. இது ஆமான்னு எடுத்துக்குது."

கையெழுத்து ஒழிந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. எதன்மீதாவது விரலால் இருமுறை தட்டினால் சம்மதம். வளைக்குள் இருந்த அசைவுணரி, கையின் அதிர்வை நொடிக்கு எண்ணூறு முறை அளந்தது. அந்த உணரிக்கும், மேலே இயங்கும் செயலிகளுக்கும் நடுவே இருந்தது கருநிரல் என்ற அடிப்படை மென்பொருள். அரை நொடிக்குள் இரண்டு அதிர்வுச் சிகரங்கள் வந்தால், அது மேலே ஒரே ஒரு செய்தி அனுப்பும்: இரட்டைத்தட்டல். சந்தேகம் என்ற ஒன்று அதற்குக் கிடையாது. அந்தப் பகுதியை எழுதும் பொறுப்பு, கோயம்புத்தூர் அலுவலகத்தில், பூங்கோதையுடையது.

பெரியவரைப் பேருந்து ஏற்றிவிட்டு வந்து, கருநிரல் செயலிகளோடு பேசும் புதிய இடைமுகத்தை வரைய உட்கார்ந்தாள். தை மாதம் அவளுக்கும் செழியனுக்கும் திருமணம். அதற்குள் முடித்துவிட வேண்டும்.

செய்தியோடு இனி ஓர் எண்ணும் போகும். தட்டிய சிகரங்கள் கையின் மற்ற அசைவுகளிலிருந்து எவ்வளவு தனித்துத் தெரிந்தன என்பதற்கு, நூற்றுக்கு ஓர் அளவு. தெளிவெண் என்று பெயர் வைத்தாள். வேலுச்சாமியின் டம்ளருக்குப் பதினெட்டு வந்தது.

மூத்த பொறியாளர் ரஹ்மத்துல்லா வரைவை வாசித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"எண்ணை எதுக்கும்மா வெளிய விடறே? அம்பதுக்குக் கீழ வந்தா கருநிரலே தூக்கிப் போட்டுடட்டும். விஷயம் முடிஞ்சுது."

"அம்பதுன்னு சொல்ல நாம யாரு சார்? அளந்ததைச் சொல்றதுதான் நம்ம வேலை. முடிவை மேல இருக்கறவங்க எடுக்கட்டும்."

"மேல இருக்கறவங்களை நீ பாத்திருக்கியா?"

"நீங்க பாத்திருக்கீங்களா?"

"எம் மாமியாரைப் பாத்திருக்கேன். அது போதும்."

அவள் சிரித்தாள். ஆனால் எண்ணை எடுக்கவில்லை. கருநிரல் எழுதுகிறவர்களிடம் இது ஒரு பழக்கம், கொஞ்சம் பெருமையும்கூட. கருவி அளக்கும், மனிதர்கள் முடிவெடுப்பார்கள்.

வேலுச்சாமியின் வீடு தப்பியது.

அரசு ஐம்பதையே வரம்பாக வைத்தது; அதற்குக் கீழே வந்தால் சம்மதம் செல்லாது. செயலிகள் எண்ணைப் பெரிய எழுத்தில் காட்டின. பள்ளியில் உறுதிமொழி எடுத்த பிள்ளைகளின் எண்கள் சுவரில் ஒட்டப்பட்டன. சமாதானமாகிப்போன அண்ணன் தம்பி இருவர், தம்பியின் எண் ஐம்பத்தைந்துதான் என்று தெரிந்து மறுபடி சண்டைக்குப் போனார்கள். காந்திபுரத்தில் தட்டல் பயிற்சி வகுப்பு தொடங்கியது. தெளிவெண் அதிர்வின் அளவு, மனத்தின் அளவு அல்ல என்று பூங்கோதை விளக்கக் குறிப்பு எழுதினாள். யாரும் வாசிக்கவில்லை.

ஒருநாள் வேலுச்சாமி அழைத்தார். "தம்பி மகன் கல்யாணத்துக்குச் சாட்சி தட்டப் போனனுங்க. இருபதுக்கு மேல ஏறவே மாட்டேங்குது. இப்ப நா நெசமாவே ஆமாங்கறேன். நம்ப ஆளில்லீங்க."

"பாக்கறேங்க ஐயா," என்றாள். என்ன பார்ப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

தை பிறந்தது. பதிவு அலுவலகத்தில், காலை பத்து மணிக்கு, பூங்கோதை மேசையைத் தட்டினாள். தொண்ணூற்று மூன்று. அவளுடைய சித்தி கைதட்டினாள்.

செழியன் தட்டினான். அறுபத்தெட்டு.



"சட்டப்படி இது போதுமுங்க," என்றார் பதிவாளர், எங்கோ பார்த்தபடி.

"போதும்னா? கறிக்கடைல எடையா போடறம்?" என்றாள் சித்தி. "ஏனுங்க மாப்ள, காலைல சாப்பிடலீங்களா?"

யாரோ சிரித்தார்கள். செழியன் பூங்கோதையைப் பார்த்தான். "நீதானே எழுதினே. இவங்களுக்குச் சொல்லு."

"வளை லூசா இருக்கு சித்தி. கையும் வேர்த்திருக்கு. வேற ஒண்ணுமில்ல."

அவள் சொன்னது உண்மைதான். அவன் வளையை இறுக்கி, கையைத் துடைத்துக்கொண்டு மறுபடி தட்டினான். எழுபத்தொன்று.

மின்விசிறியின் அதிர்வாக இருக்கலாம். அவன் விரல் நுனியால் தட்டாமல் விரலைப் படுக்கவைத்துத் தட்டியிருக்கலாம். இப்படிப் பத்துக் காரணங்கள் அவளுக்குத் தெரியும். விளக்கக் குறிப்பில் அவளே வரிசையாக எழுதியவை. ஆனால் இதே மேசையில், இதே மின்விசிறியின் கீழ், அவளுக்குத் தொண்ணூற்று மூன்று வந்திருந்தது.

"செழியன்," என்றாள் மெதுவாக. "இன்னொரு தடவ தட்டேன்."



"உனக்குமா, கோதை?"

அவன் திரும்பி, மேசைமேல் இருந்த மாலை சரிந்து விழும்படி, இரண்டு முறை தட்டினான். தொண்ணூற்றெட்டு.

எல்லோரும் ஆரவாரித்தார்கள். சித்தி அவன் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். பதிவாளர் முந்தைய இரண்டு எண்களையும் நீக்கிவிட்டு, தொண்ணூற்றெட்டைச் சான்றிதழில் ஏற்றினார்.

கோபத்தில் தட்டும்போது சிகரங்கள் இவ்வளவு கூர்மையாக வரும். ஆய்வகத்தில் நூற்றுக்கணக்கான கைகளை அளந்தபோது பூங்கோதை அதைப் பார்த்திருக்கிறாள். அந்த அறையில் அது தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

செழியன் சிவந்த விரல்களை மடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தான். அவள் அந்தக் கையைத் தொட்டாள். அவன் விலக்கவில்லை; பிடித்துக்கொள்ளவும் இல்லை. அதற்கு வளையில் எண் எதுவும் வரவில்லை.