குமரகுரு மாமாவுக்கு ஒரு தறிச் சத்தம்

குமாரபாளையத்தில், காவிரிப் பாலத்துக்குப் போகிற வழியில் தனப்பிரியாவின் வீடு இருக்கிறது. முன்பக்கம் நான்கு தறிகள் ஓடும் பட்டறை. பின்பக்கம் வீடு.

அந்த வீட்டில் யாரும் மெதுவாகப் பேச மாட்டார்கள். பேசினால் கேட்காதே! “உப்புப் போதுமா?” என்பதைக்கூட, ஆற்றுக்கு அந்தக் கரையில் நிற்பவரைக் கூப்பிடுகிற மாதிரிதான் கேட்பார்கள். தறிகள் அப்படிச் சத்தம் போடும். டடக்-டடக், டடக்-டடக், டடக்-டடக். அதிலும் மூன்றாம் நம்பர் தறி கொஞ்சம் குறும்பு பிடித்தது. நாலு ‘டடக்’ போட்டுவிட்டு, நடுவில் சம்பந்தமே இல்லாமல் ஒரு ‘டொக்’ போடும்.

அந்த ‘டொக்’கை நிறுத்துகிறேன் என்று ஸ்பேனரும் கையுமாக அலைந்தவர்தான் குமரகுரு மாமா. தனப்பிரியாவின் அம்மா சௌந்திரத்துக்குத் தம்பி. இதே பட்டறையில் பிறந்து, இதே சத்தத்தில் வளர்ந்தவர். ‘டொக்’ நிற்கவில்லை. ஆனால் மாமா நல்ல மெக்கானிக் ஆகிவிட்டார். ஆறு வருடத்துக்கு முன்னால் வியட்நாமில் ஒரு துணி மில்லில் வேலை கிடைத்துப் போனார்.

போன இடத்தில் ஒரு விளையாட்டையும் பிடித்துக்கொண்டார். அவர் தங்கியிருந்த அறைக்கு எதிரே ஒரு காபிக் கடை. உள்ளே நீலத் துணி விரித்த பெரிய மேசை. அதன்மேல் மூன்றே மூன்று பந்துகள். நீளமான குச்சியால் அடிக்க வேண்டும். த்ரீ குஷன் பில்லியர்ட்ஸ் என்று பெயர்.

“கேரம்போர்டாட்டம்னு வெச்சுக்கோங்க்கா,” என்று மாமா ஒருமுறை லீவுக்கு வந்தபோது அம்மாவுக்கு விளக்கினார். “ஆனா ஓட்ட கெடையாது.”

“ஓட்டையே இல்லாட்டிப் பந்த எங்கடா போடுவ?” என்றார் அம்மா.

“எங்கயும் போட வேண்டியதில்லீங்க்கா. என்ற பந்து மத்த ரெண்டு பந்தையும் தொடோணும். ரெண்டாவது பந்தத் தொடறதுக்குள்ள, மேசையோட செவுத்துல மூணு தடவையாச்சும் முட்டியிருக்கோணும். அப்பத்தான் ஒரு பாயிண்டு.”

“நேராப் போய்த் தொட்டுட்டு வாரத உட்டுப்போட்டு எதுக்கு ஊரச் சுத்தோணும்?”

மாமா சிரித்தார். தனப்பிரியாவுக்கு மட்டும் உடனே புரிந்துவிட்டது. கேரம்போர்டில் அன்று சாயங்காலம் முழுக்க அவளும் மாமாவும் ஸ்ட்ரைக்கரை மூன்று பக்கமும் முட்டவிட்டு விளையாடினார்கள்.

இப்போது அந்த மாமா, வியட்நாமிலேயே பதினெட்டு நாட்டுக்காரர்கள் ஆடும் பெரிய போட்டியில் இருந்தார். தரவரிசைப் பட்டியலில் கடைசிப் பெயர் அவருடையது. முதல் நாளே தோற்றுத் திரும்பிவிடுவோம் என்று அவரே நினைத்திருந்தார். ஆனால் ஒன்று ஜெயித்தார், இரண்டு ஜெயித்தார், அப்படியே ஐந்து ஆட்டம் ஜெயித்து, மிச்சமிருக்கிற எட்டுப் பேரில் ஒருவராகிவிட்டார்!

பக்கத்து வீட்டு மாரக்காள் பெரியம்மா தெருவெல்லாம் சொல்லிவிட்டார். “நம்ம குமரகுரு பந்தாட்டத்துல எட்டாங்கிளாஸ் வந்துட்டான்!”

“எட்டாங்கிளாஸ் இல்லீங் பெரிம்மா, எட்டுப் பேர்ல ஒருத்தர்!”

“ஏதோ ஒண்ணு கண்ணு. எட்டு வருதில்ல?”

அன்று சனிக்கிழமை. மத்தியானம் இரண்டரைக்கு மாமாவின் கால் இறுதி ஆட்டம். எதிரே ஆடப்போகிறவர் துருக்கி நாட்டுச் சாம்பியன். நரைத்த பெரிய மீசை. மாரக்காள் பெரியம்மா அவருக்கு ‘மீசைக்காரர்’ என்று பெயர் வைத்துவிட்டார்.

காலை ஒன்பது மணிக்குக் கரண்டு போனது. மாதம் ஒருமுறை கம்பி வேலைக்காக நிறுத்துவார்கள். மத்தியானம் இரண்டு மணிக்குத்தான் வரும். நான்கு தறிகளும் ஒரேயடியாக நின்றன.

பதினொரு மணிக்கு மாமா வீடியோ கால் செய்தார். முகம் வாடிக் கிடந்தது.

“ஏனுங் மாமா, சாப்பிடலீங்களா?” என்றாள் தனப்பிரியா.

“சாப்பாடு எறங்கல கண்ணு. காலைல அந்த மேசையில பழகிப் பாக்க உட்டாங்க. ஒரு அடிகூட ஒழுங்கா உழுகல.”

“நேத்து நல்லா ஆடுனீங்களே?”

“நேத்து ஒரே ஹாலுல பன்னெண்டு மேச. சலசலன்னு சத்தம். இன்னைக்கு நடுவுல ஒத்த மேச, சுத்தி இருட்டு. ஒரு பய மூச்சு உடறதில்ல. என்ற நெஞ்சு அடிக்கறது எனக்கே கேக்குது. குச்சி நேராவே போக மாட்டேங்குது சாமி.” மாமா தலையைக் குனிந்துகொண்டார். “ஒடம்பு செரியில்லைன்னு சொல்லிப்போட்டு வந்துரலாமான்னு பாக்கறேன். டி.வி.யில எல்லாரும் பாக்க அசிங்கப்படறதுக்கு அது தேவல.”

அம்மா போனை வாங்கி ஏதேதோ தைரியம் சொன்னார். மாமா எல்லாவற்றுக்கும் “சரிங்க்கா” என்றார். அது சரியான ‘சரி’ இல்லை என்று தனப்பிரியாவுக்குத் தெரிந்தது. இரண்டு மணிக்குள் முடிவைச் சொல்ல வேண்டுமாம். அதற்கப்புறம் போனை வாங்கி வைத்துக்கொள்வார்களாம்.

போனை வைத்ததும், பட்டறை மூலையில் தொட்டிலில் கிடந்த தம்பி கௌசிக் வீல் என்று கத்தினான். எட்டு மாதக் குழந்தை. காலையில் கரண்டு போனதிலிருந்து இது நாலாவது தடவை. பால் கொடுத்தாயிற்று. துணி மாற்றியாயிற்று. தூங்க மாட்டேன் என்கிறான்.

“நாலு தறியும் காதுக்குள்ள ஓடுனாத் தூங்குவான். நின்னாப் போதும், முழிச்சுக்குவான்,” என்று அம்மா அலுத்துக்கொண்டார். “ஊருல கொழந்தைக சத்தங் கேட்டா முழிக்கும். இந்த ஊட்டுல எல்லாமே தலகீழ்.”

தனப்பிரியா தொட்டில் பக்கத்தில் உட்கார்ந்தாள். சும்மா விளையாட்டாக, தொட்டில் கட்டையில் விரலால் தட்டினாள். டடக்-டடக், டடக்-டடக்.

கௌசிக் அழுகையை நிறுத்தினான். அவளைப் பார்த்தான். கண் மெல்லச் சொருகியது.

தனப்பிரியா சட்டென்று எழுந்து நின்றாள்.

“அம்மா! மாமாவும் இதே தொட்டில்லதானுங்களே வளந்தாரு?”

“ஆமா. அதுக்கென்ன?”

“அவருக்குப் பயமெல்லாம் இல்லீங்மா. அவருக்குத் தறி நின்னு போச்சு!”

அம்மாவுக்கு ஒரு நிமிடம் ஆனது. புரிந்ததும் தலையில் கையை வைத்துக்கொண்டார். “அடக் கண்ணு! ஆனா இப்பக் கரண்டு இல்லையே. தறிய எப்படி ஓட்டறது?”

மாமாவுக்கு அனுப்ப, தறி ஓடும்போது எடுத்த வீடியோ போனில் இருக்கிறதா என்று தேடினார்கள். ஒன்று இருந்தது. ஆனால் அதில் மாரக்காள் பெரியம்மா தக்காளி விலையைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார். தறிச் சத்தத்தையே மிஞ்சிய குரல் ஊரில் அது ஒன்றுதான்.

தனப்பிரியா யோசித்தாள். பிறகு தொட்டிலைப் பார்த்தாள். தன் விரலைப் பார்த்தாள்.

“நம்மளே ஓட்டலாங்மா. கையில, வாயில!”

மாரக்காள் பெரியம்மாவைக் கூப்பிட்டதும், தார்க் குச்சியில் நூல் சுற்றுகிற வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். தனப்பிரியா வேலையைப் பிரித்துக் கொடுத்தாள். அம்மா கையில் ஒரு நாடா, அதாவது தறியில் நூலை இழுத்துக்கொண்டு இங்கும் அங்கும் ஓடுமே, அந்த மரக்கட்டை. அதைத் தறிச் சட்டத்தில் தட்ட வேண்டும். மாரக்காள் பெரியம்மாதான் மோட்டார். ‘ம்ம்ம்ம்’ என்று விடாமல் இரைய வேண்டும்.

“நீ என்ன கண்ணு பண்ணுவ?”

“நானு மூணாம் நம்பர் தறியோட டொக்கு.” அவள் கையில் ஒரு சில்வர் டம்ளரும் ஸ்கேலும் இருந்தன.

முதல் தடவை, மோட்டாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“மோட்டாரு எங்காச்சும் சிரிக்குமாக்கா?” என்று அம்மா கோபித்துக்கொண்டார்.

“உன்ற மூஞ்சியப் பாத்தாச் சிரிப்பு வருது சௌந்திரம். நான் திரும்பி நின்னுக்கறேன்.”

இரண்டாம் தடவை நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது வாசலில் முட்டை லாரி ஒன்று பாம் பாம் என்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

மூன்றாம் தடவை எல்லாம் சேர்ந்து வந்தது. ம்ம்ம்ம்... டடக்-டடக், டடக்-டடக், டொக். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், மூன்று நிமிடம். மாரக்காள் பெரியம்மாவின் முகம் சிவந்துவிட்டது. ஆனாலும் மோட்டார் நிற்கவில்லை. கடைசியில் தொட்டிலுக்குள் இருந்து கௌசிக் ‘ஹ்ஹீ’ என்று ஒரு சிரிப்புச் சிரித்தான். அதுவும் போனில் பதிவாகிவிட்டது.

தனப்பிரியா அதை மாமாவுக்கு அனுப்பினாள். கூடவே ஒரு வரி எழுதினாள்: ‘கண்ண மூடிக்கிட்டுக் கேளுங்க மாமா.’

மாமா பார்த்துவிட்டதற்கு நீலக் குறி விழுந்தது. பதில் இல்லை.

ஒரு மணி. ஒன்றரை. பதில் இல்லை. அம்மா அடுப்படிக்கும் பட்டறைக்கும் நடந்துகொண்டே இருந்தார். மாரக்காள் பெரியம்மா வீட்டுக்கே போகவில்லை.

இரண்டு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது மாமாவின் குரல் பதிவு வந்தது.

“எட்டு தடவ கேட்டேன் கண்ணு. அஞ்சாந் தடவையில சோறு எறங்குச்சு. இப்பக் குச்சி நேராப் போவும். மேசைக்குப் போயிட்டு வாரேன். அப்பறம், அந்த மோட்டாருக்குக் கொஞ்சம் ஆயில் உடச் சொல்லு. ரொம்ப எரையுது.”

“யாருக்குடா ஆயிலு?” என்று மாரக்காள் பெரியம்மா போனைப் பார்த்துக் கத்தினார். ஆனால் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதைத் தனப்பிரியா பார்த்தாள்.

இரண்டேகாலுக்குக் கரண்டு வந்தது. அம்மா ஒரு தறியைக்கூடப் போடவில்லை. “அப்பறம் ஓட்டிக்கலாம். மொதல்ல ஆட்டம்,” என்றார். போனை ஒரு தார்க் குச்சிப் பெட்டியில் சாய்த்து வைத்தார்கள். மூன்று தலைகள் அதன்முன் முட்டிக்கொண்டன.

முதலில் நாற்பது பாயிண்டு எடுப்பவர் ஜெயிப்பார். மீசைக்காரர் லேசுப்பட்டவர் இல்லை. கண் மூடித் திறப்பதற்குள் பதினொன்று எடுத்துவிட்டார். மாமா நாலு. அப்புறம் இருபதுக்குப் பதிமூன்று.

“அந்த மீசைய யாராச்சும் புடிச்சு வெய்யுங்களே!” என்றார் மாரக்காள் பெரியம்மா.

“மாமாவோட காலப் பாருங்க!” என்றாள் தனப்பிரியா.

மாமா நாற்காலியில் உட்கார்ந்து தன் முறைக்காகக் காத்திருந்தார். ஷூ நுனி மட்டும் சத்தமில்லாமல் மேலும் கீழும் அசைந்தது. டடக்-டடக், டடக்-டடக். அவர் முகத்தில் பயமே இல்லை. வீட்டில் இருக்கிற மாதிரி இருந்தார்.

பிறகு மாமா ஏறினார். ஒன்று, இன்னொன்று, தொடர்ந்து ஐந்து. மீசைக்காரர் தவறவிட்டால் மாமா இரண்டு. மீசைக்காரர் மூன்று எடுத்தால் மாமா நாலு. கடைசியில் மீசைக்காரர் முப்பத்தொன்பது, மாமா முப்பத்தெட்டு.

மீசைக்காரர் அடித்தார். பந்து ஒரு நூல் அளவு தள்ளிப் போய்விட்டது.

மாமா எழுந்தார். ஒன்று அடித்தார். முப்பத்தொன்பதுக்கு முப்பத்தொன்பது!

அடுத்த அடி. வெள்ளைப் பந்து சிவப்பைத் தொட்டுவிட்டு ஓடியது.

“ஒரு செவுரு,” என்று அம்மா எண்ணினார். “ரெண்டு. மூணு செவுரு ஆச்சு! இனி அந்த மஞ்சளத் தொட்டாப் போதும்!”

‘எதுக்கு ஊரச் சுத்தோணும்?’ என்று கேட்ட அம்மாவா இது!

வெள்ளைப் பந்து வேகம் குறைந்தது. உருண்டது. இன்னும் குறைந்தது. நின்றுவிடும் போல இருந்தது. அந்த ஹாலில் ஒரு சத்தம் இல்லை. பட்டறையிலும் இல்லை. மஞ்சள் பந்தின் பக்கத்தில் போய், நிற்பதற்கு ஒரு கணம் முன்னால்,

டொக்.

மூன்றாம் நம்பர் தறி போடுமே, அதே ‘டொக்’!

அப்புறம் பட்டறையில் கிளம்பிய சத்தத்துக்கு நான்கு தறிகளும் சேர்ந்தாலும் ஈடாகாது.

திரையில் ஒருவர் மைக்கை நீட்டி மாமாவிடம் ஏதோ கேட்டார். மாமா வியட்நாம் மொழியில் பதில் சொன்னார். எதுவும் புரியவில்லை. ஆனால் நடுநடுவே நாலு வார்த்தை தெளிவாகக் கேட்டது: “சௌந்திரம்... மாரக்காள்... தனப்பிரியா... கௌசிக்.”

“என்ற பேரு! வெளிநாட்டு டி.வி.யில என்ற பேரு!” மாரக்காள் பெரியம்மா வாசலுக்கு ஓடினார். அது தெருவுக்கே சேர வேண்டிய செய்தி அல்லவா?

மறுநாள் அரை இறுதியில் மாமா தோற்றுப் போனார். எதிரே ஆடிய கொரியாக்காரர் ஏழு பாயிண்டு கூட எடுத்துவிட்டார். ஆனாலும் அரை இறுதியில் தோற்கிற இரண்டு பேருக்குமே மூன்றாம் இடத்து வெண்கலப் பதக்கம் உண்டு; மாமாவுக்கும் ஒன்று கிடைத்தது. அடுத்த வருடம் அவர் பெயர் பட்டியலில் கடைசியாக இருக்காது.

ஆடிப் பதினெட்டுக்கு மாமா ஊருக்கு வந்தார். பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. ஷூவைக் கழற்றிவிட்டுப் பட்டறைக்குள் நுழைந்து, மூன்றாம் நம்பர் தறியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு பதக்கத்தை எடுத்துத் தனப்பிரியாவின் கழுத்தில் போட்டார்.

“அது உங்களுதுங் மாமா.”

“நீ அன்னைக்கு அனுப்பலைன்னா நான் மேசைக்கே போயிருக்க மாட்டேன் கண்ணு. நீ போட்டுக்கோ. மோட்டாருக்கும் ஒரு நாள் குடு.”

“ஒரு நாளெல்லாம் பத்தாது, ஒரு வாரம்!” என்றார் மாரக்காள் பெரியம்மா.

“அப்பறம்,” என்றார் மாமா, தறியைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே, “இந்த டொக்க இனி யாரும் ரிப்பேரு பண்ணப் படாது.”

சாப்பிட்டு முடித்ததும், தறிகளுக்குப் பக்கத்திலேயே பாயை விரித்து மாமா படுத்தார். காதுக்குள் தறி ஓடுகிற அந்த இரைச்சலில், இரண்டே நிமிடத்தில் குறட்டை. தொட்டிலில் கௌசிக்கும் நல்ல தூக்கம்.

மூன்று மணிக்குக் கரண்டு போனது. தறிகள் நின்றன.

கௌசிக் கண்ணைத் திறந்தான். மாமாவும் கண்ணைத் திறந்தார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் விழித்தார்கள்.

தனப்பிரியா சிரித்துக்கொண்டே டம்ளரையும் ஸ்கேலையும் எடுக்கப் போனாள்.