ஒரு ராத்தல் குறைவு

பிள்ளைமடுவத்தில் ஆளில்லாத தொட்டில் அசைந்துகொண்டிருந்தது.

ஐவி முதலில் காற்றைத்தான் திட்டினாள். அக்கரப்பத்தனை மலையில் ஐப்பசி மத்தியானத்தில் காற்றைத் திட்டாமல் வேறு யாரைத் திட்டுவது? பிறகுதான் நினைவு வந்தது, பனிமூட்டம் உள்ளே வரக்கூடாதென்று சன்னல்களையெல்லாம் அவளே சாத்தியிருந்தாள். நீளமான ஒரே உத்தரத்தில் ஏழு சேலைத் தொட்டில்கள் வரிசையாகத் தொங்கின. தாய்மார் மலையில் தேயிலைக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். மூன்று மணிக்குத் தொழிற்சாலைச் சங்கு ஊதினால்தான் பால் கொடுக்க வருவார்கள். அதுவரை பிள்ளைகள் ஐவியின் பொறுப்பு. கடைசித் தொட்டிலில் கிடந்தவன் அவளுடைய சொந்த மகன் சூசை.

முதல் தொட்டில் வேலாயியுடையது. ஒன்பது நாளுக்கு முன்னால் அதில்தான் அவளுடைய பிள்ளை செத்துப்போனது. ஆறு ராத்தல் எடையுள்ள பிள்ளை. தூங்குகிறது என்று நினைத்து ஐவி பக்கத்திலேயே உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். சேலையைத் தானே வந்து அவிழ்ப்பதாக வேலாயி சொல்லியனுப்பியிருந்தாள், வரவில்லை. வெறும் தொட்டில் ஆடினால் மற்றப் பிள்ளைகளுக்கு ஆகாது என்பதை, ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிற ஐவியும் நம்பினாள். கனம் இருந்தால் ஆடாது, இரும்பு இருந்தால் எதுவும் அண்டாது என்று அன்று காலையில்தான் தம்பி அனுப்பிய காந்தக் கல்லை எடுத்து அதற்குள் போட்டாள்.

தம்பி லியனார்ட் படித்துப் பெரியவனாகி, கனடாவில் ஓர் அணு ஆய்வுக்கூடத்தில் இருந்தான். சோதனைக்கு வெட்டிய காந்தப் படிகத்தில் மிஞ்சியது என்று, கட்டைவிரல் அளவில் அந்தக் கறுத்த துண்டை அனுப்பியிருந்தான். கூட வந்த கடிதம் ஐவிக்கு மனப்பாடம். தோட்டத்தில் வேறு எவளுடைய தம்பி இப்படி எழுதுவான்?

"அக்கா, இந்தக் கல்லுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத கோடி ஊசிங்க வரிசையா நிக்குது. ஒண்ணு அசைஞ்சா பக்கத்துல உள்ளதும் அசையும். அப்படியே அலையா கடைசி வரைக்கும் போகும். அதை யாரும் பார்க்க முடியாது. நியூட்ரான்னு ஒரு துகளை உள்ள அனுப்புவோம். வெளிய வரும்போது அதுகிட்ட எவ்வளவு கொறைஞ்சிருக்குன்னு அளப்போம். கொறைஞ்சதை வச்சுத்தான் உள்ள என்ன நடந்துச்சுன்னு தெரியும்."

முதல் தொட்டில் நின்றது. ஆடியது என்று சொல்வதுகூடச் சரியில்லை. உள்ளே யாரோ புரண்டு படுத்த மாதிரி ஒரு பக்கமாக முறுக்கித் திரும்பியிருந்தது. அது நின்றதும் இரண்டாவது தொட்டில் அதே மாதிரி திரும்பியது. காலையிலிருந்து சிணுங்கிக்கொண்டிருந்த பிள்ளை சட்டென்று அடங்கியது.

ஐவி ஓடிப்போய்ப் பார்த்தாள். மூச்சு இருந்தது. விழித்துக்கொண்டிருந்த கண்கள் முதல் தொட்டில் இருந்த பக்கமே பார்த்தன. தூக்கியபோது கைக்கு ஏதோ குறைந்தது. கிழமைதோறும் பிள்ளைகளை நிறுக்கிற தராசு மூலையில் தொங்கியது, அதில் போட்டாள். காலையில் ஏழு ராத்தல் என்று அவளே கொப்பியில் எழுதிய பிள்ளை. முள் ஆறில் நின்றது.

பழைய தராசு என்று சொல்லிக்கொண்டாள். வாய்தான் சொன்னது.

மூன்றாவது திரும்பியது. ஓர் அழுகை நின்றது. அந்தப் பிள்ளையையும் நிறுத்தாள். ஒரு ராத்தல் குறைவு. ஈரத்துணி வாடைக்கும் பால் வாடைக்கும் நடுவே மஞ்சள் வாடை எழுந்தது. ஒன்பது நாளுக்கு முன்னால் வேலாயியின் பிள்ளையைக் குளிப்பாட்டிய மஞ்சள்.

நான்காவது.

கல்லை எடுத்துவிட்டால் போதும். முதல் தொட்டிலுக்குப் பாய்ந்து கையை உள்ளே விட்டாள். காலையில் சப்பையாகக் கிடந்த துணி கனத்துத் தொங்கியது. சூடாக இருந்தது. கல்லைத் தேடிய விரலை உள்ளே ஏதோ பற்றிக்கொண்டது.

உதறினாள். ஓடினாள். ஐந்தாவது. ஆறாவது. சூசையை அள்ளி மார்போடு அணைத்தாள். ஏழாவது தொட்டில் வெறுமனே திரும்பியது. நின்றது.

அறையில் ஒரு பிள்ளையும் அழவில்லை.

சங்கு ஊதியது. கதவைத் திறந்துகொண்டு முதலில் வந்தவள் வேலாயி. நனையாமலிருக்க இடுப்பில் கட்டியிருந்த சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டியது. நேரே முதல் தொட்டிலுக்குப் போய், குனிந்து பார்த்து, முந்தானையை விலக்கி ரவிக்கையின் ஊக்கைக் கழற்றினாள். பிறகுதான் திரும்பினாள்.

"எம்புள்ள ஆறு ராத்தல் இருந்தான், ஐவிக்கா," என்றாள் மெதுவாக. "இன்னும் ஒண்ணு கொறையுது."

இரண்டு கைகளையும் நீட்டினாள்.

ஐவி சுவரோடு ஒட்டிக்கொண்டாள். சூசை கனமாகத்தான் இருந்தான், சூடாகத்தான் இருந்தான். அவள் கழுத்தில் புதைந்திருந்த அவன் முகம் மெல்ல மெல்ல முதல் தொட்டில் பக்கம் திரும்பியது.

வேலாயி கைகளை மடக்கவில்லை. அவள் இடுப்புக்குப் பக்கத்தில், தொட்டில் சேலையை விலக்கிக்கொண்டு, சின்னதாக இன்னொரு கையும் நீண்டது.