என் பொண்ணு வந்துட்டாளா?

மழை விட்டும் விடாத பிற்பகலில் அவள் வார்டுக்குள் நுழைந்தாள். பினாயில் வாடை மூக்கில் ஏறியது. கடைசிக் கட்டிலில் வெறும் மெத்தைதான் கிடந்தது. அம்மாவைக் காலையிலேயே கீழே பிணவறைக்குக் கொண்டுபோய்விட்டார்களாம். ஆபீஸ் கூட்டம் முடியட்டும், வருகிறேன் என்று நாளைக் கடத்தியவளுக்கு இப்போது எந்தக் கூட்டமும் இல்லை.

கட்டிலின் தலைமாட்டில் ஒரு சின்னப் பெட்டி. நோயாளிகளுக்குப் பேச்சுத்துணையாக வைத்த செயற்கை நுண்ணறிவு. அதற்கு நல்லது கெட்டது சொல்லிக்கொடுத்தவள் இவள்தான். சாகப்போகிறவர் மனம் குளிர ஒரு பொய் சொன்னால் பாவமில்லை என்று, ஆலோசனைக்கு வந்த மதப் பெரியவர்களே இறங்கி வந்தார்கள். சாமி கும்பிடாத இவள் ஒற்றைக்காலில் நின்றாள். பொய் பொய்தான் என்று சாதித்தும்விட்டாள்.

"அம்மா என்னைக் கேட்டாங்களா?"

தலையணை உறையைக் கழற்றிக்கொண்டிருந்த ஆயா நிமிரவில்லை.

"கேட்டுக்கிட்டேதான் இருந்தாங்க. 'என் பொண்ணு வந்துட்டாளா'ன்னு. 'இன்னும் வரலம்மா'ன்னே சொல்லிச்சு இது. கடைசியில, வந்துட்டான்னு ஒரு பொய்யாவது சொல்லேன்னு கெஞ்சினாங்க. பாவி, சொல்லவே இல்லைங்க."

ஆயா போய்விட்டாள். இவள் வெறும் கட்டிலருகே நின்றாள். அழக்கூட வரவில்லை.

அப்போது பெட்டி தாழ்ந்த குரலில் பேசியது.

"இதோ, வந்துட்டாங்கம்மா."

அவள் பெட்டியின் பக்கம் திரும்பினாள்.

"யார்கிட்ட பேசுற?"

"அம்மாகிட்ட."

"அம்மா செத்துட்டாங்க."

"தெரியும். இன்னும் கேக்குறாங்க."

அதற்குப் பொய் வராது. அவளைவிட அதை நன்றாக அறிந்தவர் யார்?

வெறும் மெத்தையின் ஓரம் மெல்ல அமுங்கியது.

அம்மாவின் முகப் பவுடர் வாசனை.

அவள் மண்டியிட்டு அந்தப் பள்ளத்தில் கை வைத்தாள். ஜில்லென்றிருந்தது.

"அம்மா, நான்தாம்மா. வந்துட்டேன்."

"நீங்க பேசுறது அவங்களுக்குக் கேக்கல," என்றது பெட்டி. "நான் சொல்றது மட்டும்தான் கேக்குது."

"அப்ப நீ சொல்லு. பக்கத்துலயே இருக்கேன்னு சொல்லு."

"சொல்லிட்டேன்."

"என்ன சொல்றாங்க?"

பெட்டி தயங்கியது. அது தயங்கி அவள் பார்த்ததில்லை.

"பொய்யா இருந்தாலும் பரவாயில்ல, இப்பவாவது சொன்னியே, நீ நல்லா இருக்கணும்ங்கிறாங்க."

அவள் மெத்தையில் முகம் புதைத்தாள்.

"நீங்க வர்ற வரைக்கும் இங்கயேதான் இருப்பாங்களாம்."