உரித்தெடுத்த கறுப்பு

கஹவத்தைக் கடைவீதிக்கு ஜீவராணி வந்து இறங்கியது சுதாகரனின் சிவப்பு பைக்கில். புருஷன் செத்துக் கருமாதிகூட முடியாதவள் இன்னொருவன் பின்னால் உட்கார்ந்து போனாள் என்று தோட்டத்து லயத்து வீடுகளில் நாலு பேர் பேசுவார்கள். பேசட்டும். பஸ் வரவில்லை. சுதாகரனும் அந்நியன் இல்லை. புருஷன் விஜேந்திரனின் பள்ளிக்கூடத்துக் கூட்டாளி, பாடைக்குத் தோள் கொடுத்தவன். அவனுடைய அம்மா சீதாதேவிதான் அன்றிலிருந்து ஜீவராணிக்குத் துணையாய்ப் படுக்க வருகிறாள்.

இறங்கும்போது பைக்கின் பக்கமூடி கணுக்காலில் உரசியது. உடைந்த மூடியை எம்-சீல் பசை வைத்து ஒட்டியிருந்தான். அந்த ஒட்டு, பூரான் ஒன்று படுத்திருப்பதுபோல் புடைத்து நின்றது.

"கீறிருச்சாக்கா? பாத்து எறங்குங்க."

"ஒண்ணுமில்லப்பா. நீ சாமான வாங்கு. நான் தம்பையா அண்ணன்கிட்ட இன்சூரன்ஸ் விஷயம் கேட்டுட்டு வந்துர்றேன்."

அவள் போனது இன்சூரன்ஸுக்காக அல்ல. அதை அவனிடமும் சொல்ல மனம் வரவில்லை. இப்போதெல்லாம் யாரிடமும் எதையும் சொல்ல மனம் வருவதில்லை.

தம்பையா ஒரு காலத்தில் இன்சூரன்ஸ் கம்பனிக்காக அடிபட்ட வண்டிகளைப் பார்த்து அறிக்கை எழுதியவர். ஓய்வு பெற்றபின் மருமகனின் ஹாட்வேர் கடையில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்துக் கடை அஸீஸுடையது. பைக் உதிரிப் பாகங்கள். யாராவது கவலை முகத்தோடு தம்பையாவைத் தேடி வந்தால் அஸீஸ் தன் கடையை அப்படியே விட்டுவிட்டு இங்கே வந்துவிடுவார்.

"சொல்லும்மா" என்றார் தம்பையா.

"எம்புருஷனக் கொன்னது எந்தம்பியா இல்லியான்னு எனக்குத் தெரியணுங்க."

அவள் சொல்லத் தொடங்கினாள். தோட்டத்து ரப்பர் ஸ்டோருக்குக் கீழே உள்ள வளைவில், விடியும் முன், ஒரு கறுப்பு பைக் விஜேந்திரனை இடித்துத் தள்ளிவிட்டு நிற்காமல் போனது. பால்வெட்டுக்குப் போன வெள்ளையம்மா பார்த்திருக்கிறாள். தோட்டத்தில் கறுப்பு பைக் ஒன்றுதான், அது ஜீவராணியின் தம்பி அஜந்தனுடையது. அதற்கு முந்திய வெள்ளிக்கிழமைதான் கோயில் வாசலில் சண்டை. அஜந்தன் விடியற்காலையில் கள்ளச் சாராயமான கசிப்பைக் கடத்துகிறான் என்று யாரோ சொன்னதைக் கேட்டு விஜேந்திரன் அவனை எல்லார் முன்னாலும் கன்னத்தில் அறைந்தான். "என் குறுக்க வந்தா என்ன நடக்கும்னு பாருங்க மச்சான்" என்று அஜந்தன் கத்தியதை ஊரே கேட்டது. இப்போது அவன் இரத்தினபுரிச் சிறையில், விளக்கமறியலில்.

"அந்த நேரம் வீட்டுல தூங்கிக்கிட்டு இருந்தேங்கிறான். தனியா. யாரு நம்புவாங்க?"

"நீ நம்புறியா?"

ஜீவராணி முந்தானையை விரலில் சுற்றினாள். "கருமாதிக்குப் பொறந்த வீட்டுக் கோடி போடணுங்க. எனக்குன்னு அப்பா அம்மா இல்ல. போட வேண்டியவன் அவன் ஒருத்தன்தான். ஜாமீன் கெடச்சு வந்து நின்னான்னா, அவன் கையால அந்தச் சேலய வாங்கலாமா கூடாதா? அத மட்டும் சொல்லுங்க. வேற நியாயம் எனக்கு வேணாம்."

"இதுல யோசிக்க என்ன தங்கச்சி இருக்கு?" என்றார் அஸீஸ். "சண்ட இருக்கு, கறுப்பு பைக் இருக்கு, பாத்த ஆள் இருக்கு..."

"அஸீஸ், வெளிய நிக்கிற அந்தச் சிவப்பு பைக்கப் போய்ப் பாத்துட்டு வா" என்றார் தம்பையா.

"எதுக்குண்ணே?"

"சும்மா. பழைய பைக், ரொம்பப் பளபளக்குது."

"சுதாகரன் அத எஞ்சின் எறக்குறதுக்கு பெல்மடுல்லையில ஒரு கராஜ்ல குடுத்திருந்தான்" என்றாள் ஜீவராணி. "ரொம்ப நாளா அங்கதான் கெடந்துச்சு. சாவுக்குக்கூட த்ரீவீல்லதான் வந்தான். அதுக்கப்புறந்தான் பைக் வந்துச்சு."

அஸீஸ் திரும்பி வந்தபோது தலையை ஆட்டிக்கொண்டே வந்தார். "அந்தப் பையன நல்லா ஏமாத்தியிருக்காங்கண்ணே! மேல எல்லாம் கண்ணாடி மாதிரி. எடது பக்க சிக்னல் லைட்டும் புதுசு. ஆனா எஞ்சின் நட்டுல பழைய எண்ணெய்ச் சேறு அப்புனபடியே இருக்கு. ஸ்பேனரே படாம எப்புடி எஞ்சின எறக்குறது? அந்த கராஜ்காரன் சரியான கள்ளன்."

"இருக்கும்" என்றார் தம்பையா. "நாளைக்குத் தோட்டத்துக்கு வாறோம்மா. யாருகிட்டயும் சொல்லாத."

மறுநாள் வளைவில் வெள்ளையம்மா மூவருக்கும் இடத்தைக் காட்டினாள். பயந்த பெண். ஜீவராணியின் முகத்தைப் பார்க்காமலே பேசினாள்.

"அது அஜந்தனோட பைக்தானா?"

"கறுப்பு பைக்குங்கய்யா. எங்க தோட்டத்துல வேற யாருகிட்ட இருக்கு?"

"நம்பர்?"

"நம்பர்ல சேறு. ஓட்டுனவன் மொகமும் தெரியல, ஹெல்மெட்டு. நெத்தியில கட்டுன லைட்ட நேரா அதுமேலதான் திருப்புனேன். அடுப்புக்கரி கணக்கா இருந்துச்சு, துளி மினுக்கம் இல்ல."

"அஜந்தன் பைக்கும் அப்படித்தானா?"

"ஐயோ, அவனா!" அந்தத் துக்கத்திலும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பொண்ணு பாக்கப் போறவன் மாதிரி நித்தம் தேச்சித் தேச்சி வச்சிருப்பான். அதுல மொகம் பாத்து நான் பொட்டு வச்சிருக்கேன். அன்னிக்கு அழுக்காயிருந்திருக்கும்."

"கசிப்பு விஷயத்த விஜேந்திரன்கிட்ட சொன்னது யாரு?"

வெள்ளையம்மாவின் சிரிப்பு நின்றது. "நாந்தாங்க. கேனக் கட்டிக்கிட்டு அந்த பைக்கு விடியக்காலையில போறத ரெண்டு மூணு தடவ பாத்தேன். கறுப்பா இருந்துச்சு, அஜந்தன்னு சொன்னேன்."

தம்பிக்கு எதிராக இன்னும் ஒரு சாட்சி என்றே ஜீவராணிக்குப் பட்டது. தம்பையாவோ நாளைக்கு மழை வருமா என்று கேட்கப்போகிறவர்போல வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஸ்டோரில் அன்று ஒட்டுப்பால் நிறுவை. பால் வெட்டுகிறவர்கள் காலையில் மரத்தில் புது வெட்டு வைக்கும் முன், பழைய வெட்டில் காய்ந்து கிடக்கும் பாலை நாடா நாடாவாக உரித்து இடுப்புப் பையில் போட்டுக்கொள்வார்கள். சிரட்டையில் ஒட்டியது, தரையில் சிந்தி உறைந்தது, எதையும் விடுவதில்லை. ரப்பர்த் துண்டைக் கண்டால் குனியாத முதுகு அந்தத் தோட்டத்தில் இல்லை. எல்லாம் சேர்த்து ஸ்டோரில் நிறுத்துக் கொடுப்பார்கள்.

மூலையில் ஒதுக்கி எறியப்பட்டிருந்த ஒரு சுருளைத் தம்பையா எடுத்தார். மெல்லிய கறுப்புத் தோல். வெளிப்பக்கம் கரிபோல் மங்கல், உள்பக்கம் வழவழப்பு.

"அது பால் இல்லீங்க" என்றார் ஸ்டோர்க்காரர். "நாத்தமே இல்ல பாருங்க. சீதாதேவியக்கா பையில வந்துச்சு. பாவம், கண்ணு மங்குது. என்னத்தையோ பொறுக்கிப் போட்டிருக்கு."

அஸீஸ் அதை வாங்கி இழுத்துப் பார்த்தார். "அண்ணே, இது உரிக்கிற பெயின்ட்! கேன்ல வருது, ஸ்ப்ரே பண்ணுனா ரப்பர்த் தோலாக் காயும். பொடியன்மாரு பைக்குக்குக் கலர் மாத்துறதுக்கு வாங்குறானுக. வேணான்னா வாழைப்பழம் மாதிரி உரிச்சி எறிஞ்சிரலாம், உள்ள பழைய கலர் அப்புடியே இருக்கும், இன்னும் பளபளன்னு..." அவர் வாய் திறந்தபடியே நின்றது.

"இப்ப டீ குடிக்கலாம்" என்றார் தம்பையா. தோலை மடிக்காமல் சுருட்டி, காகிதத்தில் பொதிந்தார்.

அந்தத் தோலின் உள்பக்கத்தை ஜீவராணி பார்த்திருந்தாள். அதில் நீளமாய், இருபுறமும் கால் முளைத்ததுபோல் ஒரு பள்ளம் பதிந்திருந்தது. எங்கே பார்த்தோம் என்று பிடிபடவில்லை. சீதாதேவி என்ற பெயர் மட்டும் காதில் நின்றது. அன்று பின்னேரம் சீதாதேவி வழக்கம்போல் சோறு கொண்டுவந்து வைத்தாள். ஜீவராணி அதைத் தொடவில்லை.

"ஏன் ராணி, சாப்புடலியா?"

"பசிக்கல அத்த."

இவள் எதற்காக இங்கே வந்து படுக்கிறாள்? துணைக்கா, காவலுக்கா? சுதாகரன் எதற்காக விறகு உடைத்துத் தருகிறான்? அதற்கு அடுத்த நிமிடமே, தம்பியைக் காப்பாற்ற நான் ஊரையே கள்ளனாக்குகிறேனோ என்றும் தோன்றியது.

மறுநாள் காலையில், வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் மஸ்டர் கொட்டகைக்கு எல்லாரையும் தம்பையா வரச் சொல்லியிருந்தார். இன்சூரன்ஸுக்கு விசாரிக்க வேண்டும் என்றே சொல்லியிருந்தார். வெள்ளையம்மா, சீதாதேவி, ஜீவராணி வந்தார்கள். பொலிஸ் சார்ஜன்ட் தூணில் சாய்ந்து நின்றார். சுதாகரன் பைக்கைக் கொண்டுவந்து நிறுத்தினான்.

"அம்மா, இத எங்க எடுத்தீங்க?" சீதாதேவியிடம் அந்தக் கறுப்புத் தோலை நீட்டினார் தம்பையா.

"ரப்பர் ஷீட்டு காயப்போட்ட பழைய பொகக்கூடத்துக்குப் பின்னாலதான். பாழடஞ்சு கெடக்கே, அங்க. மண்ணுக்குள்ள பாதி புதைஞ்சிருந்திச்சு, மழைக்கு வெளிய வந்திருச்சு. ரப்பரு கெடக்குதேன்னு எடுத்துப் பையில போட்டேன். ஏங்கய்யா, தப்பா?"

"தப்பில்லம்மா." அவர் குனிந்து, தோலின் உள்பக்கத்தை பைக்கின் பக்கமூடிமேல் வைத்து உள்ளங்கையால் நீவினார். புடைத்து நின்ற எம்-சீல் ஒட்டு, தோலில் இருந்த பள்ளத்துக்குள் கால் காலாகப் போய் உட்கார்ந்தது. ஜீவராணிக்குக் கணுக்கால் சில்லிட்டது.

"பெட்ரோல் டேங்க் மூடிய தொறந்து பாரு அஸீஸ்."

"ஓரத்துல கறுப்பு இருக்குண்ணே! உரிக்க மறந்திருக்கான்!"

"வெள்ளையம்மா பாத்த கறுப்புல மினுக்கம் இல்ல" என்றார் தம்பையா, குரலை உயர்த்தாமல். "அஜந்தன் பைக்ல மொகம் பாக்கலாம். சேறு நம்பரத்தான் மறைச்சிருந்துச்சு. மத்த எடமெல்லாம் மங்கலாத் தெரிஞ்சதுக்கு அழுக்குக் காரணமில்ல. அப்ப அது வேற ஒரு கறுப்பு. இந்த சிவப்பு பைக் பெல்மடுல்லைக்குப் போகவேயில்ல. எஞ்சின் நட்டுல ஸ்பேனர் பட்டதுக்கு அடையாளமில்ல. பொகக்கூடத்துக்குள்ள கறுப்பாக் கெடந்துச்சு. விடியக்காலையில கசிப்பு ஏத்துறதுக்கு மட்டும் வெளிய வந்துச்சு. தூரத்துல பாக்கிறவங்க அஜந்தன்னு நெனச்சுக்கட்டும்னுதான் அந்தக் கறுப்பு. நெனச்சாங்க. அதனாலதான் கோயில் வாசல்ல சண்டையும் வந்துச்சு. அப்பறம் ஒருநாள் அத உரிச்சுப் பொதைக்க வேண்டி வந்துருச்சு."

சார்ஜன்ட் தூணை விட்டு நகர்ந்தார். சுதாகரன் ஓடவில்லை. அம்மாவைத்தான் பார்த்தான்.

"அத ஏம்மா எடுத்தே?"

"ரப்பரப் போயி யாராச்சும் தரையில விடுவாங்களாடா?" என்றாள் சீதாதேவி. சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கு விளங்கியது. நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"கொல்லணும்னு நெனைக்கலக்கா" என்றான் சுதாகரன். "வளைவுல திரும்புனா, விஜேந்திரன் ரோட்டு நடுவுல நிக்கிறான், ரெண்டு கையயும் விரிச்சிக்கிட்டு. நின்னா நான்னு தெரிஞ்சிரும். ஒதுங்கிருவான்னு நெனச்சேன். அவன் ஒதுங்கல."

"ஏதாச்சும் சொன்னாரா?" ஜீவராணியின் குரல் அவளுக்கே அந்நியமாய்க் கேட்டது.

அவன் பைக்கின் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"எம்புருஷன் கடைசியா என்ன சொன்னாருன்னு கேக்குறேன்."

"'அஜந்தா, நில்லுடா'ன்னான். 'ஒண்ணும் செய்யமாட்டேன், வீட்டுக்கு வாடா'ன்னான்."

சுதாகரனை ஜீப்பில் ஏற்றியபோது சீதாதேவி ஜீவராணியின் கையைப் பிடிக்க வந்தாள். பாதியில் கையை இழுத்துக்கொண்டாள். ஜீவராணிக்கும் அந்தக் கையைப் பிடிக்க முடியவில்லை. சீதாதேவி கொண்டுவந்த சோற்றைச் சந்தேகப்பட்டதற்காக வருந்தவும் முடியவில்லை.

பொலிஸ் அறிக்கை போக, நீதவான் அஜந்தனை விடுவித்தார். கருமாதிக்கு முந்தின நாள் அது. இரத்தினபுரியில் நீதிமன்ற வாசலில் ஜீவராணி காத்து நின்றாள். தாடி வளர்ந்து, கன்னம் ஒட்டி, செருப்பில்லாமல் வெளியே வந்தான். இத்தனை நாளும் அவள் அவனைப் பார்க்கப் போகவில்லை. அதை அவன் கேட்கவில்லை. வேறொன்றைக் கேட்டான்.

"அது நான் இல்லன்னு மச்சானுக்குத் தெரிஞ்சிருக்குமாக்கா?"

தம்பையா சற்றுத் தள்ளி நின்றார். ஜீவராணி அவரைப் பார்த்தாள். அவர் எந்த உதவியும் செய்யவில்லை.

"இல்லடா" என்றாள். "நீன்னு நெனச்சித்தான் நடு ரோட்டுல நின்னாரு. ஒண்ணும் செய்யமாட்டேன், வீட்டுக்கு வாடான்னு உன்னக் கூப்புட்டிருக்காரு."

அஜந்தன் மதிலில் கை ஊன்றிக்கொண்டான். வெகுநேரம் அழுதான். பிறகு சட்டையால் முகத்தைத் துடைத்தான்.

"நீயும் நாந்தான்னு நெனச்சியா?"

"நெனச்சேன்."

அவன் தலையாட்டினான். வீதியில் பஸ்கள் போய்க்கொண்டிருந்தன.

"நாளைக்குக் கோடி போடணுமேக்கா. வெறுங்கையோட நிக்கிறேன். எங்கயாச்சும் கடன் கேட்டு எடுத்துட்டு வந்தா, எங்கிட்ட வாங்கிக்குவியா?"

"அதக் கேக்கத்தான்டா விடியவே வந்து நிக்கிறேன்" என்றாள் ஜீவராணி.