காய்ந்த விரிப்பு

மார்பளவு எடுக்கும்போது, சட்டை தைக்கக் கொடுக்க வந்தவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். நாற்பது இருக்க வேண்டிய நெஞ்சு நாடாவில் நாற்பத்திரண்டு காட்டியது. "மூச்ச விடுங்க சார்" என்றான் தையல்காரன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் விட்டார். அப்போதுதான் அவனுக்கே எட்டியது, துவைத்துக் காயவைத்த தன் சட்டையின் புளித்த வாடை. கூனிக்குறுகிப் போனான்.

மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மனைவி இதைக் கேட்டுச் சிரித்தாள். "வாஷிங் மெஷின் கதவ எப்பப் பாரு இறுக்கி மூடி வெச்சா நாறாம என்ன செய்யும்? ரப்பரத் தொடைச்சிட்டு, துணி போடாம வினிகர் ஊத்திச் சுடுதண்ணில ஓட விடுங்க."

அவள் வேலைக்குப் போனதும் வாஷிங் மெஷின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். ரப்பர் மடிப்பைப் பிதுக்கி அதிலிருந்த கறுத்த வழுவழுப்பைத் துடைத்து, அடியில் இருந்த வடிகட்டியைத் திருகிக் கழற்றி, தட்டில் சொட்டிய சாம்பல் நிறத் தண்ணீரைக் கொட்டி, சோப்புப் பெட்டியைத் தேய்த்துக் கழுவி, வினிகர் ஊற்றி ஓட விட்டபோது மதிய வெயில் தரையில் பளிச்சென்று விழுந்திருந்தது. உள்ளே ஒன்றுமில்லை. ஆனாலும் ஒவ்வொரு சுற்றுக்கும் கனமாக, ஈரமாக ஏதோ புரண்டு விழும் சத்தம் கேட்டது. சுற்றி முடிந்ததும் கதவைத் திறந்தான். ஆவியோடு வாடை முகத்தில் வந்து மோதியது. இப்போது புளிப்பு இல்லை. மூத்திரம். கூடவே புண்ணுக்குப் போடும் களிம்பு.

அப்பாவின் அறை இப்படித்தான் நாறும்.

அவர் போய் நாலு மாதம். ஒன்றரை வருடம் படுத்த படுக்கையாகக் கிடந்தார். வீட்டிலேயே தைப்பவன் என்பதால் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அவனுடையது. முதலில் ஒழுங்காகத்தான் செய்தான். பிறகு சலித்துவிட்டது. அப்பா ஈரத்தில் கிடந்து கூப்பிட்டால் தையல் மெஷினை இன்னும் வேகமாக மிதிப்பான். மனைவி வர பத்து நிமிடம் இருக்கும்போது அப்பாவைப் புரட்டி, ஈர விரிப்பின் மேலேயே காய்ந்த விரிப்பைப் போட்டு நாலு பக்கமும் செருகிவிடுவான். தையல்காரன் செருகினால் சுருக்கம் விழுமா என்ன! நாக்கு குழறிப் போன அப்பா மருமகளைப் பார்த்து ஏதோ சொல்லப் பார்ப்பார். "பசிக்குதாம்" என்று அவன் அர்த்தம் சொல்வான்.

"பெத்த புள்ளைன்னா இவர மாதிரி இருக்கணும்" என்று அவள் எல்லோரிடமும் சொல்லிப் பெருமைப்பட்டாள். இன்னும் சொல்கிறாள். அதைக் கேட்கும்போதெல்லாம் அவனுக்கு உடம்பு கூசும். அவளுக்குத் தெரிந்துவிட்டால் அதற்கப்புறம் எந்த முகத்தோடு எதிரில் நிற்பது?

அன்று மாலைக்குள் மூன்று முறை ஓட விட்டான். வாடை போகவில்லை.

மறுநாள் அவளுக்கு விடுமுறை. தங்கள் படுக்கை விரிப்பை அவளே துவைத்து, வெயிலில் மொறுமொறுவென்று காயவைத்து எடுத்து வந்தாள்.

"வாடையே இல்ல, பாருங்க" என்று உதறி விரித்தாள்.

கட்டிலை ஒட்டி நாற்காலியில் உட்கார்ந்திருந்த அவனுக்கு மூக்கு எரிந்தது.

விரிப்பின் நடுவில் உள்ளங்கை அளவுக்கு ஒரு ஈரம். பார்க்கப் பார்க்கப் படர்ந்தது. முதுகு. தோள்கள். தலை. மடங்கிய ஒரு கால்.

"என்னங்க இது, இப்பத்தானே காஞ்சுது?" அவள் குனிந்து தொட்டாள். கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"சூடா இருக்கு."

அவன் எழப் பார்த்தான். முடியவில்லை.

ஈரத்தின் தலை அசைந்தது. அவன் பக்கம் திரும்பியது. வாய் இருக்கும் இடம் மட்டும் காய்ந்து, திறந்து, மூடியது. அப்புறம் கை நீண்டது. மெதுவாக. விரல் விரலாகப் பிரிந்து. கட்டிலின் ஓரம் வரை. ஓரத்தையும் தாண்டி.

அவன் மடி சூடாக நனைந்தது.

அவள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.